மாளிகைகளே! – பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பிரிட்டனின் கலையையும் வரலாற்றையும் உள்ளபடி காட்டுவது அருங்காட்சியகமா, பழைய மாளிகையா? மாளிகைதான். எனக்கு முன் பேசிய தம்பி பிரிட்டிஷ் மியூசியத்தைத் தூக்கிப் பிடித்தார். 1759லேயே பொதுமக்களுக்குக் கதவு திறந்தது, இன்றும் நுழைவு இலவசம் என்றார். மறுக்கவில்லை. ஆனால் தம்பி, அந்தக் கதவு எந்த வீட்டுக் கதவு? மொன்டேகு ஹவுஸ்! ஒரு பிரபுவுக்காகக் கட்டிய மாளிகை. உங்கள் அணியின் பாட்டனாரே எங்கள் வீட்டில் பிறந்தவர்தான்.

இதோடு நான் உட்கார்ந்திருக்கலாம். போகிற போக்கில் அவர் ஒரு வார்த்தை விட்டாரே! "மாளிகைக்குப் போகிறவர்கள் வரலாறு பார்க்கவா போகிறார்கள்? குதிரை லாயத்துத் தேநீர்க்கடையில் ஸ்கோனும் ஜாமும் சாப்பிடப் போகிறார்கள்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலைத் திருப்பி வாங்காமல் நான் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

ஆமாம், சாப்பிடப் போகிறோம். அதனால் என்ன? வரலாறு வெறும் வயிற்றிலா நடந்தது? அந்த வீட்டுக்கு அரசரே விருந்துக்கு வந்தாலும், வீட்டுக்காரர் கடன்பட்டு நொடித்துப் போனாலும், விடியற்காலையில் யாரோ ஒருவர் எழும்பி அடுப்பு மூட்டியாக வேண்டும். தண்ணீர் சுமந்தது யார்? படுக்கை விரித்தது யார்? அருங்காட்சியகத்தில் வெள்ளித் தட்டு இருக்கும். அதைத் துலக்கிய தொட்டி இருக்காது. மாளிகையில் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. சமையற்கட்டைக் கேலி செய்தீர்கள் அல்லவா? வாருங்கள், உங்களைச் சமையற்கட்டு வழியாகவே கூட்டிப் போகிறேன்.

வேல்ஸில் ரெக்ஸம் நகரத்துக்குப் பக்கத்தில் எர்திக் என்றொரு மாளிகை. 1680களில் கட்டத் தொடங்கியவர் கடனில் மூழ்கிவிட்டார். கைமாறிக் கைமாறி யோர்க் குடும்பத்துக்கு வந்தது. இன்று பழைய வீடுகளைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை அதைப் பராமரிக்கிறது. அங்கே போனால் உங்களைப் பெரிய வாசல் வழியாக உள்ளே விடுவதில்லை. தச்சுப்பட்டறை, சலவைக்கூடம், சமையற்கட்டு, இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் வீட்டுக்குள் போகிறோம். அந்த வேலைக்காரர் பகுதியில்தான் நான் சொல்ல வந்த படம் இருக்கிறது.

ஒரு மூதாட்டியின் எண்ணெய் வண்ணப் படம். 1793இல் டென்பி ஊர் ஓவியர் ஜான் வால்டர்ஸ் எழுதியது. பிரபுவின் மனைவியா? இல்லை. பாட்டியா? இல்லை. பெயர் ஜேன் எப்ரெல். வயது 87. பார்த்த வேலை? ஒட்டடை அடிப்பது!

சபையோரே, ஆண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். 1793. அதே ஆண்டு பாரிஸில் அரசனின் தலையை வெட்டுகிறார்கள். இங்கே வேல்ஸில் ஒரு வீட்டுக்காரர், ஓவியரை அழைத்து, "எங்கள் வீட்டில் ஒட்டடை அடித்த அம்மாவை எழுது" என்கிறார். ஐரோப்பா முழுக்க ஓவியர்கள் யாரை எழுதிக்கொண்டிருந்தார்கள்? ராஜாவை, ராணியை, தளபதியை, அவர் குதிரையை! குதிரைக்குக் கிடைத்த இடம் வேலைக்காரிக்குக் கிடைக்காத காலம் அது. அந்தக் காலத்தில் ஜேன் எப்ரெலுக்குப் படம்!

படம் மட்டுமா? பாட்டு வேறு. வீட்டுக்காரர் பிலிப் யோர்க் தானே கவி கட்டி அதில் சேர்த்தார். எங்கள் பணியாளர் கூடத்துக்குப் பெருமை சேர்க்க வருகிறாள், எங்கள் எல்லோருக்கும் தாய் என்று தொடங்குகிறது. அறை அறையாகப் போய் தூசியை விரட்டினாள் என்கிறது. அதோடு விட்டாரா? காதல் கதையையும் சேர்த்தார். ஜேன் அந்த வீட்டு வண்டிக்காரரைக் கட்டிக்கொண்டார். பிறந்த பிள்ளையும் அங்கேயே சவுக்கைக் கையில் எடுத்தான். ஒரு வேலைக்காரக் குடும்பத்தின் கல்யாணமும் பிள்ளைப்பேறும் அந்த மாளிகையின் சரித்திரத்தில் ஏறி நிற்கின்றன. தம்பி, இதை எந்தக் கண்ணாடிப் பெட்டியில் காட்டுவீர்கள்?

வீட்டுக்காரரை மகான் ஆக்க நான் வரவில்லை. அவர் முதலாளி, அந்த அம்மா கூலிக்காரி. ஆனால் இந்தப் படத்தைக் கழற்றி லண்டனில் ஒரு வெள்ளைச் சுவரில் மாட்டிப் பாருங்கள். ஓவியர் பெயர், ஆண்டு, எண்ணெய் வண்ணம் என்று மூன்று வரியில் முடிந்துவிடும். எர்திக்கில் அந்த அம்மா கூட்டிய அறைகளிலேயே நாம் நிற்கிறோம்.

அந்த வீடும் லேசில் பிழைக்கவில்லை. அடியில் நிலக்கரி தோண்டித் தோண்டிக் கட்டடம் 5 அடி வரை உட்கார்ந்துவிட்டது. மின்சாரம்கூட இல்லாமல் அதில் குடியிருந்த கடைசி யோர்க், 1973இல் அதை நேஷனல் டிரஸ்டிடம் கொடுத்தபோது, உள்ளே இருக்கும் சாமானை வெளியே எடுக்கக் கூடாது என்றார். அதனால்தான் படம் அங்கேயே இருக்கிறது.

திப்புவின் இயந்திரப் புலி விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருப்பதாக எதிரணித் தலைவர் பெருமையாகச் சொன்னார். திப்புவின் கூடாரம் எங்கே? வேல்ஸின் போவிஸ் கோட்டையில். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது மதராஸ் கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவின் மனைவியுடைய அப்பா வீட்டுக் கோட்டை அது. ஒரு சுல்தானின் கூடாரம் அவர்கள் தோட்டத்து விருந்துக்குப் பந்தலானது. கொள்ளை போன பொருள் யார் வீட்டுக்குப் போனது, அங்கே அதை என்ன செய்தார்கள் என்பதை அந்த வீடே சாட்சி சொல்கிறது.

மணி அடித்துவிட்டார்கள். ஒரு நிமிடம் கொடுங்கள்.

என் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இந்த நாட்டில் இரவு வேலையில் கட்டடங்களைக் கூட்டித் துடைத்தவர். அவரை எர்திக்குக்குக் கூட்டிப் போனேன். பெரிய மண்டபம், பட்டு மெத்தைக் கட்டில் எல்லாவற்றையும் பேசாமல் பார்த்து வந்தார். ஜேன் எப்ரெல் முன்னால்தான் நின்றார். "பிள்ளை, இந்த மனுசி ஆர்?" என்றார். சொன்னேன். "எண்பத்தேழு வயசிலையும் தும்புத்தடியோ?" என்று படத்தில் இருந்த துடைப்பத்தைப் பார்த்துக் கோபப்பட்டார். பிறகு, "பேரும் போட்டிருக்கோ?" என்றார். போட்டிருக்கு அம்மா என்றேன். "வாசி" என்றார். வாசித்தேன். "இன்னொருக்கால் வாசி" என்றார்.

நடுவர் அவர்களே, அம்மா துடைத்த கட்டடம் ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. இந்த அவையில் இருக்கும் எத்தனை பேருடைய அம்மாவும் அப்பாவும் அப்படித்தான் உழைத்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். தீர்ப்பை உங்கள் விருப்பப்படி எழுதுங்கள். அவையோரே, இந்தக் கோடையில் அவர்களை எர்திக்குக்குக் கூட்டிப் போங்கள். படி ஏற முடியாது என்றால் மேல் மாடியை விட்டுவிடுங்கள். பணியாளர் பகுதியை மட்டும் ஆறுதலாகப் பார்க்க விடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். நன்றி, வணக்கம்.