உங்கட ட்ரம்பெட்டைத் தின்னுறது கடல் காத்து இல்லை, வாசிக்க முதல் நீங்க குடிச்ச சோடா!

[காட்சி: ஒரு பழைய ட்ரம்பெட்டின் லீட்பைப் (ஊதும் வாய்ப்பகுதிக்கு அடுத்த குழாய்), மிக அருகில்]

இந்தப் புள்ளியை வடிவாப் பாருங்கோ. ரெண்டு மில்லிமீற்றர் கூட வராது. நடுவில கடும் சிவப்பு, அதைச் சுத்தி ஒரு இளஞ்சிவப்பு வளையம். துணியால தேய்ச்சாலும் போகாது, பொலிஷ் போட்டாலும் போகாது. ஏன் எண்டா இது வெளியால வந்த அழுக்கு இல்லை. குழாயை உள்ளுக்க இருந்து அரிச்சு அரிச்சு, இப்ப வெளியால எட்டிப் பாக்குது. இன்னும் கொஞ்சக் காலத்தில இந்த இடத்தில ஒரு ஓட்டை விழும்.

திருகோணமலையில யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "உப்புக் காத்து தம்பி, இஞ்ச எதுவும் நிண்டுபிடிக்காது." டச்சுக்குடாப் பக்கம் அரை மணித்தியாலம் நிண்டாலே கண்ணாடியில உப்புப் படியுற ஊர், அதால சொல்லுறதில பிழை இல்லை. சைக்கிள், ஜன்னல் கம்பி, கேட், எல்லாத்தையும் கடல் தின்னும். ஆனா இந்தப் புள்ளிக்குக் கடலைக் குற்றம் சொல்ல ஏலாது. இண்டைக்கு அதைத்தான் பாக்கப் போறம். வீட்டில ட்ரம்பெட், ட்ரொம்போன், யூபோனியம், எது இருந்தாலும் கடைசி மட்டும் பாருங்கோ. பிள்ளையைப் பாண்டில சேர்த்துவிட்ட அம்மா அப்பாமாரும் பாருங்கோ, கருவியைக் கழுவப் போறது பெரும்பாலும் நீங்கதான்.

முதல்ல அடிப்படை, கெதியாச் சொல்லி முடிக்கிறன். ட்ரம்பெட்டில சத்தம் போடுறது உலோகம் இல்லை, உங்கட உதடு. 440 ஹேர்ட்ஸ் ஸ்வரம் ஒண்டு வாசிக்கேக்க உங்கட உதடு செக்கனுக்கு 440 தரம் திறந்து மூடுது. குழாய் அந்த அதிர்வைப் பிடிச்சு ஒழுங்குபடுத்தி வெளியால விடுது. இப்பிடி உதடு அதிர்ந்து சத்தம் வாற வாத்தியங்களைத்தான் பித்தளை வாத்தியக் குடும்பம் எண்டுறது, அதால கோயில்ல ஊதுற சங்கும் இந்தக் குடும்பம்தான். உடம்பு முழுக்கப் பித்தளையா இருக்கிற சக்சபோன் இந்தக் குடும்பம் இல்லை, அதில அதிருறது ரீட் எண்டுற மெல்லிய நாணல் தகடு. எனக்கு இந்த விஷயம் அவ்வளவு பிடிக்கும்: சங்கு உள்ளுக்க, சக்சபோன் வெளியால! விரலால அமத்திக் குழாயின்ர நீளத்தைக் கூட்டுற வால்வுக்கு 1818 இல ஸ்டோல்ஸெல், ப்ளூமெல் எண்டு ரெண்டு ஜெர்மன்காரர் காப்புரிமை எடுத்தவை. வரலாறு இவ்வளவு போதும்.

இப்ப புள்ளிக்கு வருவம்.

சாதாரண மஞ்சள் பித்தளை எண்டா 70 வீதம் செம்பு, 30 வீதம் துத்தநாகம். ட்ரம்பெட்டின்ர குழாய்ச் சுவர் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் தடிப்புத்தான். நீங்க ஊதேக்க மூச்சோட ஈரம் போகுது, எச்சில் போகுது, சாப்பிட்ட சாப்பாட்டின்ர துணிக்கையும் சேர்ந்து போகுது. வாசிக்க முதல் சோடா குடிச்சிருந்தா சீனியும் அமிலமும் போகுது. இது எல்லாம் முதல்ல போய் ஒட்டுற இடம், உதட்டை வைச்சு ஊதுற மவுத்பீஸுக்கு அடுத்ததா இருக்கிற லீட்பைப். அந்த ஈர அழுக்கு நாள்கணக்கா அங்க இருந்தா பித்தளையில இருக்கிற துத்தநாகம் கரைஞ்சு வெளியேறும். மிஞ்சுறது வெறும் செம்பு, அதுவும் நொறுங்குற பதத்தில. அந்தச் செம்பின்ர நிறம்தான் இந்த இளஞ்சிவப்பு.

இதை உங்கட வீட்டிலயே கண்டிருப்பியள். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ச்சுக் கழுவாமல் கொஞ்ச நேரம் விட்டா, மஞ்சள் விளக்கு ரோஸ் அடிக்கும். புளியில இருக்கிற அமிலம் செய்யுற வேலை அது. விளக்குத் தடிப்பு, அதால ஒண்டும் ஆகாது. அரை மில்லிமீற்றர் குழாய் தாங்காது. அதாலதான் கைகூப்பிக் கேக்கிறன்: ட்ரம்பெட்டுக்குப் புளி போடாதேங்கோ, தேசிக்காயும் போடாதேங்கோ. "விளக்கு மாதிரி மினுங்கட்டும்" எண்டு அம்மம்மா ஆசையோட வந்தாலும் அன்பா மறிச்சுப் போடுங்கோ.

விளக்குத் துலக்குற போத்தல் பொலிஷும் வேண்டாம். அதில கனக்க வகையில அமோனியா இருக்கும். அமோனியாவும் பித்தளையும் எண்டு வரேக்க ஒரு கதை இருக்கு, இந்த வீடியோ செய்யத் தொடங்கினதே அந்தக் கதைக்காகத்தான்.

[காட்சி: கருமையான மழை மேகம், தோட்டா உறையின் வரைபடம்]

பிரித்தானியர் இந்தியாவில இருந்த காலம். மழைக்காலத்தில படை நடவடிக்கை குறையும். வெடிமருந்துப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில அடுக்கி வைப்பினம். மழை முடிஞ்சு எடுத்துப் பாத்தா, பித்தளைத் தோட்டா உறைகள் வெடிச்சுப்போய் இருக்கும். அதுவும் உறை குண்டை இறுக்கிப் பிடிக்கிற கழுத்துப் பகுதியிலதான் கூடுதலா. ஒருத்தரும் சுடேல்லை, தட்டேல்லை, கீழ போடேல்லை. பெட்டிக்குள்ள சும்மா இருந்த பித்தளை தானா வெடிச்சிருக்கு! மழைக்காலத்தில நடக்கிறதெண்டு தெரிஞ்சுது, ஏன் எண்டு விளங்கேல்லை. 1921 இலதான் ஆராய்ச்சியாளர்கள் காரணத்தைக் கண்டு பிடிச்சவை. குதிரை மூத்திரத்தில இருந்து கிளம்பின அமோனியா! உலோகத்தைக் குளிர்ந்த நிலையில இழுத்து, நசுக்கி வடிவம் குடுக்கேக்க உள்ளுக்க ஒரு இறுக்கம் தங்கிப்போகும். அந்த இறுக்கம், ஈரம், அமோனியா, மூண்டும் ஒண்டாச் சேர்ந்தா பித்தளை கீறல் விட்டு வெடிக்கும். உறையை அளவாச் சூடாக்கி உள்ளிருக்கிற இறுக்கத்தை எடுத்துவிட்டா பிரச்சினை தீரும் எண்டும் கண்டவை.

இதில என்னை உலுக்கின விஷயம் என்ன தெரியுமோ? தோட்டா உறைக்குப் பாவிக்கிற பித்தளையும் அதே 70க்கு 30. உங்கட ட்ரம்பெட்டின்ர குழாய்களும் இழுத்து, வளைச்சு, தட்டிச் செய்தவைதான். அதால பாண்ட் அறை எங்க இருக்கு எண்டு ஒருக்காப் பாருங்கோ. பள்ளிக்கூடங்களில வாத்தியங்களைப் பூட்டி வைக்கிற களஞ்சியம் பல நேரம் மலசலகூடத்துக்குப் பக்கத்திலதான் இருக்கும். வீட்டிலயும் கோழிக்கூட்டோட ஒட்டின அறையில பெட்டியை வைக்காதேங்கோ. ஒரு மாதத்தில வெடிச்சுப்போகும் எண்டு பயப்படுத்தேல்லை. ஆனா மூக்கில நெடி அடிக்கிற இடம் பித்தளைக்கான இடம் இல்லை. வாடைக்காத்து மழை பெய்யுற மாதங்களில, பெட்டியெல்லாம் நமத்துப்போற நேரம், கட்டாயம் இடம் மாத்துங்கோ.

சரி, என்ன செய்ய வேணும்? வாசிக்க முதல் வாயைத் தண்ணியால கொப்புளியுங்கோ. இந்த வீடியோவில இருந்து ஒண்டை மட்டும் எடுக்கிறதெண்டா இதை எடுங்கோ. காசு இல்லை, கருவி இல்லை, அரை நிமிஷ வேலை. வாசிச்சு முடிஞ்சதும் தண்ணி விடுற சின்ன மூடியான வாட்டர் கீயை அமத்தி ஊதி, உள்ளுக்க நிக்கிற தண்ணியை வெளியால எடுங்கோ. எச்சில் எண்டு அருவருக்காதேங்கோ, அதில பெரும்பகுதி மூச்சுக் குளிர்ந்து நீரானது. பிறகு கை பட்ட இடத்தைப் பருத்தித் துணியால துடையுங்கோ, வியர்வையும் அரிக்கும். பெட்டிக்குள்ள ஈரத் துணியை வைச்சுப் பூட்ட வேண்டாம்.

மாதம் ஒருக்கா ஒரு குளிப்பு. வாளியில இளஞ்சூட்டுத் தண்ணி, பாத்திரம் கழுவுற சோப்புத் திரவம் ரெண்டு சொட்டு. கொதிதண்ணி கூடாது, மேல் பூச்சு உரிஞ்சு வரும். ஸ்லைட் எண்டுற இழுத்துக் கழட்டுற வளைஞ்ச குழாய்கள், வால்வு எல்லாத்தையும் கழட்டி, வால்வில இருக்கிற கம்பளித் துண்டுகளை நனைக்காமல், நீளமான வளையுற பிரஷை லீட்பைப்புக்குள்ள விட்டு இழுங்கோ.

[காட்சி: வெள்ளைத் துணியின் மேல் பிரஷ், நுனியில் பச்சை கலந்த கறுப்புச் சேறு]

வந்ததைப் பாருங்கோ. இதுக்குள்ளாலதான் அந்தப் பிள்ளை மூச்சு விட்டு வாசிச்சிருக்கு. கிணறு உவர் எண்டா கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணி பாவியுங்கோ, உப்பை நாங்களே உள்ளுக்க விடக்கூடாது.

வால்வை திரும்பப் போடேக்க இலக்கம் பாருங்கோ. மவுத்பீஸ் பக்கம் இருக்கிறதுதான் 1. மாறிப் போட்டா காத்தே போகாது, பிள்ளை "ட்ரம்பெட் செத்துப்போச்சு" எண்டு அழும். எண்ணெய் விஷயத்தில நான் பிடிவாதம்: வால்வ் ஒயில் மட்டும்தான். தேங்காய் எண்ணெய் நுவரெலியாக் குளிரில உறையும், இஞ்ச வெயிலில நாளாகப் பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் தடிப்பு. வால்வுக்கும் அதின்ர உறைக்கும் இடையில இருக்கிற இடைவெளி ஒரு தலைமயிரின்ர தடிப்புக்கும் குறைவு, அதுக்குள்ள தடிச்ச எண்ணெய் போனா விரல் எடுத்தாலும் வால்வு மேல வராது. ஸ்லைட்டுக்கு வேற, அங்க கிறீஸ்.

மவுத்பீஸ் இறுகிப்போச்செண்டால் குறடு எடுக்காதேங்கோ, முறுக்காதேங்கோ. லீட்பைப் திருகிக்கொண்டு, ஒட்டின இடம் விட்டுப்போகும். மவுத்பீஸ் கழட்டவெண்டே ஒரு கருவி இருக்கு. பாண்டுக்கு ஒண்டு வாங்கி வைச்சா எல்லாப் பிள்ளைக்கும் உதவும்.

இப்ப எனக்குப் பிடிச்ச இன்னொரு இடம். மூண்டாவது வால்வின்ர ஸ்லைட்டில ஒரு வளையம் இருக்குதே, அது எதுக்கு? கனபேர் அதை ட்ரம்பெட்டைப் பிடிக்கிறதுக்கான வளையம் எண்டு நினைக்கினம். இல்லை!

ட்ரம்பெட்டின்ர குழாயை நேரா நீட்டினா ஏறக்குறைய 148 சென்ரிமீற்றர். ரெண்டாவது வால்வு அதில சுமார் 9 சென்ரிமீற்றர் கூட்டும், அரை ஸ்வரம் இறங்கும். முதலாவது 18, ஒரு ஸ்வரம். மூண்டாவது 28, ஒண்டரை ஸ்வரம். தனித்தனியா அமத்தினா கணக்குச் சரி. ஆனா முதலாவதும் மூண்டாவதும் சேர்த்து அமத்தினா 46 தான் வருது, தேவை ஏறக்குறைய 50. ஏன் எண்டா முதலாவதை அமத்தினதோட குழாய் நீண்டுட்டுது. நீண்ட குழாயை அதே அளவு இறக்க, முந்தியை விடக் கூட நீளம் வேணும். மூண்டையும் அமத்தினா 55 வருது, தேவை 61. அந்த 6 சென்ரிமீற்றர் குறையுறதாலதான் கீழ் ஸ்வரம் சுருதி ஏறிக் கத்துது. பிள்ளையின்ர காதில பிழை இல்லை! வளையத்துக்குள்ள விரலை விட்டு ஸ்லைட்டைத் தள்ளுங்கோ. ஸ்லைட்டுக்கு ரெண்டு கால் இருக்கிறதால 3 சென்ரிமீற்றர் தள்ளினா குழாய் 6 சென்ரிமீற்றர் நீளும். செய்யுற ஆக்களும் அளவில கொஞ்சம் ஈடுகட்டி விடுறதால நடைமுறையில இதை விடக் குறையத் தள்ளினாலே போதும், மிச்சத்தைக் காது சொல்லும். இது ஓட வேணும் எண்டால் ஸ்லைட் இறுகக்கூடாது. திரும்பவும் சுத்தம், கிறீஸ்.

சூட்டையும் சொல்ல வேணும். காத்தில சத்தத்தின்ர வேகம் 20 பாகையில செக்கனுக்கு 343 மீற்றர், ஒவ்வொரு பாகைக்கும் 0.6 கூடும். குழாய்க்குள்ள காத்து சூடாக சுருதி ஏறும். விளையாட்டுப் போட்டிக்கு மைதானத்தில பத்து மணி வெயிலில பாண்ட் நிக்கேக்க, காலமை அறைக்குள்ள சரிபாத்த சுருதி அங்க நிக்காது. கிற்றார் எண்டா எதிர்ப்பக்கம், கம்பி விரிஞ்சு இறங்கும். ரெண்டும் ஒரே மேடையில எண்டால் கேக்கவே வேண்டாம். அணிவகுக்க முதல், அதே வெயிலில நிண்டு, ரெண்டு நிமிஷம் ஊதிச் சூடாக்கிப்போட்டு, சுருதி சரிசெய்யுற ட்யூனிங் ஸ்லைட்டை இழுங்கோ. பாண்ட் மாஸ்டர்மாரே, இந்த ரெண்டு நிமிஷத்தைப் பிள்ளைகளுக்குக் குடுங்கோ.

மவுத்பீஸ் வாங்கப் போறவைக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: பாக் கம்பனி மவுத்பீஸில இலக்கம் குறையக் குறைய வாய் அகலம், யமஹாவில இலக்கம் கூடக் கூட அகலம். எழுத்தும் அப்பிடித்தான், பாக்கில A ஆழம், யமஹாவில A ஆழம் குறைவு. தொடங்குற பிள்ளைக்குப் பாக் 7C, இல்லாட்டி யமஹா 11B4 தாராளம். மேல் ஸ்வரம் வரேல்லை எண்டு மவுத்பீஸ் மாத்துறது காசுக்குக் கேடு. மேல் ஸ்வரம் காத்தின்ர வேகத்தாலயும் உதட்டின்ர மூலைத் தசையாலயும் வருது. உதட்டில அமத்தி எடுத்தால் வளையம் பதியும், ரத்தம் ஓடாது, பத்து நிமிஷத்தில உதடு செத்துப்போகும். எவ்வளவு நேரம் வாசிச்சியளோ அவ்வளவு நேரம் ஓய்வு. நீண்ட ஸ்வரம், பிறகு வால்வு அமத்தாமல் உதட்டாலேயே ஏறி இறங்குறது, பிறகு பாட்டு. அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின்ர படத்தைப் பாத்துக் கன்னத்தைப் பலூனாக்காதேங்கோ, அது அவருக்கு மட்டும் சரிவந்த விஷயம்.

பழைய ட்ரம்பெட் வாங்குறவை கடையில ரெண்டு சோதனை செய்யுங்கோ. வால்வை அமத்தாமல் ரெண்டாவது ஸ்லைட்டைச் சட்டெண்டு இழுங்கோ, "டப்" எண்டு சத்தம் வந்தா வால்வு நல்லம், காத்து ஒழுகேல்லை. பிறகு மவுத்பீஸைக் கழட்டி, போன் வெளிச்சத்தை லீட்பைப்புக்குள்ள அடிச்சுப் பாருங்கோ. வெளியால இளஞ்சிவப்புப் புள்ளி, உள்ளுக்க செதில் செதிலா இருந்தா எவ்வளவு மினுங்கினாலும் வேண்டாம். இல்லாட்டி லீட்பைப் மாத்துற செலவையும் விலையில கழிச்சுப் பேசுங்கோ.

உங்கட பள்ளிக்கூட பாண்டில வாத்தியம் எங்க வைச்சிருக்கு, கடைசியா எப்ப கழுவினது, கொமென்டில எழுதுங்கோ. பிரஷ் விட்டு இழுத்த துணியின்ர படமும் அனுப்புங்கோ. ட்ரொம்போன் ஸ்லைட் ஓடேல்லை எண்டு கேட்டவைக்கு அடுத்த வீடியோ அதுதான், சப்ஸ்கிரைப் பண்ணி வையுங்கோ.