ஃபவுண்டேஷனை எங்கயிருந்து தொடங்கிறது?

அடுத்த கேள்வி வெள்ளவத்தையில இருந்து ஒரு தங்கச்சி அனுப்பினது. "அண்ணா, ஐசக் அசிமோவின்ட ஃபவுண்டேஷன் விஞ்ஞானப் புனைகதைத் தொடரின்ட முதல் புத்தகத்தை அரைவாசியில வச்சிட்டன். ஒரு ஆளோட மனம் ஒட்டத் தொடங்க அவர் காணாமப் போறார், பிறகு வேற ஆக்கள் வருகினம். அதில வாற கணித மேதை ஹரி செல்டன்ட இளமைக் காலத்தைச் சொல்ற புத்தகத்தில இருந்து தொடங்கினா விளங்குமோ?" எண்டு கேட்டிருக்கிறா.

வேண்டாம் தங்கச்சி. அந்தப் புத்தகம் 1988இல வந்தது. முந்தினதுகளை வாசிச்ச ஆக்களுக்குத்தான் அதின்ட ருசி தெரியும். 1951, 52, 53இல வந்த முதல் மூண்டையும் அந்த வரிசையிலயே வாசியுங்கோ.

ஆக்கள் மாறிறதுக்கும் காரணம் இருக்கு. இது ஒரே மூச்சில எழுதின நாவல் இல்லை. 1942இல இருந்து அஸ்டவுண்டிங் எண்ட அமெரிக்க சஞ்சிகையில துண்டு துண்டா வந்த கதைகள். செல்டனை விசாரிக்கிற முதல் பகுதி மட்டும் புத்தகத்துக்கெண்டு பிறகு எழுதிச் சேர்த்தது. ஒரு பகுதிக்கும் மற்றதுக்கும் இடையில பத்துக்கணக்கான வருஷம் ஓடிப்போகும்.

கதையின்ட அடிப்படையும் அதுதானே. 12,000 வருஷம் நிண்ட பேரரசு விழப்போகுது, அதுக்குப் பிறகு 30,000 வருஷம் இருட்டு. ஃபவுண்டேஷன் எண்ட அமைப்பை உருவாக்கி அதை ஆயிரமாக் குறைக்கலாம் எண்டுறார் செல்டன். ஏஎல்லில பௌதிகவியல் செய்த ஆக்களுக்கு அவற்ற கணக்கு டக்கெண்டு பிடிபடும். ஒரு வாயு மூலக்கூறு எங்க போகும் எண்டு சொல்லேலாது, ஆனா முழு வாயுவின்ட அமுக்கத்தைச் சொல்லலாம். அப்பிடி, தனி ஆளைக் கணிக்கேலாது, கோடானுகோடி சனத்தைக் கணிக்கலாம். அந்தக் கதையில ஒரே நாயகனை முன்னுக்கு வச்சா கணக்கே பொய்யாப் போயிடும்.

விட்ட இடத்தில இருந்து திருப்பி எடுக்கேக்க டொர்வின் பிரபு வாற கட்டத்தை ஆறுதலா வாசியுங்கோ. பேரரசின்ட பெரிய அதிகாரி, தொல்லியலில ஆர்வம் எண்டு சொல்லிக்கொள்றவர். மனுசர் முதல் எந்தக் கிரகத்தில தோன்றினவை எண்டு ஆராயிறாராம். எப்பிடி? பழைய அறிஞர்மார் எழுதினதுகளை ஒண்டோட ஒண்டு ஒப்பிட்டு. "நீங்களே போய்த் தோண்டிப் பாக்கலாமே?" எண்டு ஃபவுண்டேஷன் நகரத்தின்ட மேயர் ஹார்டின் கேக்க, அந்தாளுக்கு அது ஏனெண்டே விளங்கேல்லை. எனக்கு முழுத் தொடரிலயும் பயமான இடம் அதுதான். போர் இல்லை, குண்டு இல்லை, ஒரு நாகரிகம் புதுசாத் தேடுறதை விட்டிட்டுது, அவ்வளவுதான். பின்னுக்கு ஒரு வணிகர் பேரரசின்ட மின்நிலையம் ஒண்டுக்குப் போவார். அங்க பரம்பரை பரம்பரையாக் காவல் இருக்கிற ஆக்களுக்கு, இயந்திரத்தில ஒரு மின்குழாய் எரிஞ்சுபோனா மாத்தத் தெரியாது.

எங்கட கொழும்பிலயே வாழ்ந்த ஆதர் சி. கிளார்க்கை வாசிச்சிட்டு வாற ஆக்கள் விண்வெளியைக் கண்முன்னால காணலாம் எண்டு எதிர்பார்ப்பினம். இதில அது குறைவு. அறைக்குள்ள இருந்து கதைக்கிற ஆக்கள்தான் கூட. பெண் பாத்திரமும் முதல் புத்தகத்தில இல்லாத மாதிரித்தான், அது எனக்குப் பெரிய குறைதான். இரண்டாம் புத்தகத்தில பெய்டா வருவா, அவவுக்காகவே அங்க போய்ச் சேரவேணும். அதின்ட பிற்பாதியில செல்டன்ட கணக்குக்குள்ள அடங்காத ஒராளும் வாறான். ஆரெண்டு இணையத்தில தேடாதேங்கோ, நானும் சொல்லமாட்டன். வாசிச்சு முடிச்சிட்டுத் திருப்பி எழுதுங்கோ, அவனைப் பற்றித் தனியா ஒரு காணொளி போடுறன்.