தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் ஒரு பூனைக்குட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

போன மழைக்காலத்தில் ஒரு பாட்டி, காய்கறிக் கூடையில் மூன்று மாதக் குட்டியைத் துண்டால் மூடி எடுத்து வந்தார். "நேத்திலேர்ந்து தண்ணிக் கிண்ணத்துகிட்டயே உக்காந்திருக்கு டாக்டர். குனிஞ்சு குனிஞ்சு பாக்குது, குடிக்கத்தான் மாட்டேங்குது" என்றார். எனக்குப் பாதி விஷயம் அதிலேயே புரிந்துவிட்டது. தாகம் இருக்கிறது, குமட்டல் குடிக்க விடவில்லை. தடுப்பூசி போடாத குட்டி இப்படி உட்கார்ந்தால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது பூனை பார்வோ என்ற வைரஸ் நோயைத்தான். சீட்டில் பேன்லூகோபீனியா என்று எழுதியிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான்.

பிடரித் தோலை மெல்லத் தூக்கி விட்டேன். நலமாக இருக்கும் குட்டிக்கு அது உடனே படிந்துவிடும். இதற்குக் கூடாரம் மாதிரி அப்படியே நின்றது. ஈறைத் தொட்டால் காய்ந்துபோய் விரலில் ஒட்டியது. இந்த இரண்டையும் நீங்களே வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். தோல் படியவில்லையா, அன்றைக்கே கிளம்பி வந்துவிடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தால், குட்டிக்கு அந்த ஓர் இரவு பெரிய இரவு.

இந்த வைரஸ் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகிறது. குடலின் உள்பூச்சு ஒன்று, எலும்பு மஜ்ஜை இன்னொன்று. குடல் புண்ணாகி வாந்தியும் பேதியும் வரும். மஜ்ஜை அடிபட்டதும் வெள்ளையணுக்கள் சரியும். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 5,500 முதல் 19,500 வரை இருக்க வேண்டியவை, பாட்டியின் குட்டிக்கு 1,400தான் இருந்தன. எதிர்த்து நிற்க ஆளில்லாத நேரம் பார்த்துக் குடலில் இருக்கும் பாக்டீரியா ரத்தத்துக்குள் புகுந்துவிடும்.

வைரஸைக் கொல்ல நேரடி மருந்து இல்லை. அதனால் சிகிச்சை வீண் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் உயிரை எடுப்பது நீர் வற்றுவதும் அந்தப் பாக்டீரியாவும்தான். இரண்டையும் தடுக்க முடியும். டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, ஆன்டிபயாடிக் ஊசி போட்டு, உடம்பு குளிராமல் வைத்திருந்தோம். முதல் ஐந்து நாள் தாண்டிவிட்டால் பெரும்பாலான பூனைகள் தேறிவிடும். ஆறாம் நாள் பாட்டி வேகவைத்த மீனைப் பிசைந்து எடுத்து வந்தார். விரல் நுனியில் கொஞ்சம் தொட்டு மூக்கருகே நீட்டினார். குட்டி முதலில் முகர்ந்தது, அப்புறம் நக்கியது. பாட்டி அழுதுவிட்டார். எனக்கும் தொண்டை அடைத்தது.

வீட்டில் செய்யக்கூடாத ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உடம்பு சுடுகிறதே என்று நாம் போடும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுக்காதீர்கள், பாதி மாத்திரைகூட வேண்டாம். பூனையின் ஈரலுக்கு அதைச் செரித்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. ரத்தம் பழுப்பாகி, பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய்விடும். பார்வோவிலிருந்து காப்பாற்றியிருக்கக்கூடிய பூனைகளை இந்த மாத்திரையால் இழந்திருக்கிறோம். வாந்தி எடுக்கும் குட்டியின் வாயைத் திறந்து பால் புகட்டவும் வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும்.

சரி, வீட்டை என்ன செய்வது? பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். இந்த வைரஸ் தரையிலும் சாக்கிலும் ஒரு வருஷம் வரை உயிரோடு இருக்கும். கை கழுவும் சானிடைசருக்கு மசியாது. பினாயிலும் இதற்குப் போதாது. அதோடு, பினால் கலந்த கரைசல்கள் பூனைக்கே விஷம். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கைத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 30 மில்லி பிளீச் திரவம் கலந்து, பத்து நிமிஷம் ஊறவிட்டு அலசுங்கள். தரை காயும்வரை பூனையை விடாதீர்கள். அது படுத்த அட்டைப்பெட்டியை எரித்துவிடுங்கள். மனிதர்களுக்கு இது தொற்றாது. ஆனால் நம் செருப்பில் ஏறி மாடி வீட்டுக்குள்ளும் வந்துவிடும். "வெளியே விடறதே இல்லையே டாக்டர்" என்பவர்களுக்கும் தடுப்பூசி வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி. அதோடு நிறுத்தக்கூடாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியின் வேலையைக் கெடுக்கும், அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். எனவே மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரமாவது ஆகும்வரை போட வேண்டும். சினைப் பூனைக்கு இந்த நோய் வந்தால் பிறக்கும் குட்டியின் சிறுமூளை வளராமல் தள்ளாடி நடக்கலாம். அப்படிப்பட்ட குட்டியைத் தெருவில் விட்டுவிடாதீர்கள். தள்ளாட்டம் அதிகமாகாது, தட்டம் வைத்தால் தானே வந்து தின்னும், பல வருஷம் நன்றாக வாழும்.

நோய்ப் பூனையைக் கொண்டு வருமுன் மருத்துவமனைக்கு ஒரு போன் செய்துவிடுங்கள். வரிசையில் மற்ற பூனைகளோடு உட்கார வேண்டாம். கூடையை வண்டியிலேயே நிழலில் வைத்திருங்கள், மருத்துவர் வெளியே வந்து பார்ப்பார். வணக்கம்.