அம்மாட வீட்டைத் திருப்பிக் குடுக்கலாமோ? வாடகைப் பாக்கியும் தனிய இருக்கிற பெற்றோரும் – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. கொஞ்சம் நீளமா இருக்கு, சுருக்கி வாசிக்கிறன். ஹரோவில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா:

"அக்கா, அம்மாவுக்கு 72 வயசு. ஹவுசிங் அசோசியேசன் (குறைஞ்ச வாடகைக்கு வீடு குடுக்கிற அமைப்பு) ஃபிளாட்டில இருக்கிறா. அப்பா எட்டு மாசத்துக்கு முந்தித் தவறிட்டார். இப்ப வாடகை கனக்க அரியர்ஸ் எண்டு நோட்டீஸ் வந்திருக்கு. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, கடிதம் எல்லாம் அப்பாதான் பாக்கிறவர். வீட்டைத் திருப்பிக் குடுத்திட்டு அம்மாவை எங்களோட கூட்டிக்கொண்டு வரட்டோ? அவா வரமாட்டன் எண்டு நிக்கிறா. நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போகோணும் எண்டும் சொல்லுறா."

தங்கச்சி, முதல்ல ஒண்டு சொல்லுறன். வீட்டைத் திருப்பிக் குடுக்கிற ஃபோமில அம்மாவைக் கையெழுத்து வைக்க விடாதேங்கோ. உங்கட வீட்டில ஆறு மாசம் இருந்து பாத்திட்டு ஒத்துவரேல்லை எண்டு வையுங்கோ. அப்ப கவுன்சிலுக்குப் போய் வீடு கேட்டா, "நீங்களாத்தானே இருந்த வீட்டை விட்டனீங்கள்" எண்டு கேப்பினம். அதுக்குப் பிறகு லண்டனில இன்னொரு கவுன்சில் வீடோ அசோசியேசன் வீடோ எடுக்கிறது எவ்வளவு கஷ்டம் எண்டு உங்களுக்கே தெரியும். வீடு அப்பாட பேரில மட்டும் இருந்தாலும் பயப்பிடாதேங்கோ. அம்மா அங்கயே அவரோட குடியிருந்தவா, அதுக்கு முந்தி அந்த வீடு ஒருக்காலும் ஆள் தவறி இன்னொருத்தருக்குக் கை மாறேல்லை எண்டால், மனுசி எண்ட முறையில அது அவாவுக்கு வரும். ரெண்டு பேரின்ர பேரிலயும் இருந்தா அதுக்குக் கேள்வியே இல்லை.

இப்ப அந்தப் பாக்கி எப்பிடி வந்தது எண்டு பாப்பம். நீங்கள் எழுதேல்லை, ஆனா எனக்கு மணக்குது. ஹவுசிங் பெனிபிட், அதாவது வாடகைக்குக் கவுன்சில் குடுக்கிற உதவிக் காசு, அப்பாட பேரில இருந்திருக்கும். ஆள் தவறினா அந்தக் கிளெய்ம் அதோட முடிஞ்சுது. மனுசியின்ர பேருக்குத் தானா மாறாது, அவா புதுசா விண்ணப்பிக்கோணும். வருமானம் குறைஞ்ச வயசான ஆக்களுக்கு வாற பென்சன் கிரெடிட்டும் அப்பிடித்தான். செத்தவீடு, எட்டு, அந்தியேட்டி எண்டு நாங்கள் ஓடித்திரியேக்குள்ள இது ஒருத்தருக்கும் ஞாபகம் வராது. கவுன்சில் அனுப்பின கடிதம் குசினி லாச்சிக்குள்ள, கறித்தூள் பைக்கற்றுக்குக் கீழ, உடைக்காமல் கிடக்கும். இப்பவே போய்ப் பாருங்கோ.

இதில நேரம்தான் காசு. பென்சன் வயசு ஆக்களுக்கு ஹவுசிங் பெனிபிட்டும் பென்சன் கிரெடிட்டும் மூண்டு மாசத்துக்குப் பின்னுக்குக் குடுப்பினம், அதுக்கு மேல இல்லை. எட்டு மாசம் போட்டுது எண்டால் மூண்டு மாசம் மீளும், மற்ற ஐஞ்சு மாசம் கடனாத்தான் நிக்கும். நீங்கள் யோசிச்சுக்கொண்டிருக்கிற ஒவ்வொரு கிழமையும் அந்தக் கடனில ஒரு கிழமை கூடுது. பென்சன் கிரெடிட் தனி ஆளுக்கு 2025-26 கணக்கில கிழமைக்கு 227.10 பவுண் வரைக்கும் வருமானத்தை நிரப்பி விடும். இஞ்ச வேலை செய்யாத அம்மாமாருக்கு ஸ்டேட் பென்சன் சொற்பம்தான் வரும், ஆனபடியா இது பெரிய விசயம். பென்சன் கிரெடிட்டில "கியாரண்டி கிரெடிட்" பகுதி கிடைச்சா ஹவுசிங் பெனிபிட்டும் பொதுவா முழுசாக் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. அம்மா உங்கட ஸ்பொன்சரில பிந்தி வந்தவா, விசாவில "பப்ளிக் ஃபண்ட்ஸ் இல்லை" (அரசாங்க உதவிக் காசு எடுக்கேலாது) எண்டு இருக்கு எண்டால் ஒண்டுக்கும் விண்ணப்பிக்காதேங்கோ. முதல்ல குடிவரவு தெரிஞ்ச ஆலோசகரிட்டப் போங்கோ.

அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், குளிக்க உடுக்கக் கஷ்டம் எண்டு ஏதும் இருக்கோ? அப்ப அட்டென்டன்ஸ் அலவன்ஸும் கேளுங்கோ. 2025-26 இல கிழமைக்கு 73.90 அல்லது 110.40. பாங்கில சேமிப்பு இருந்தாலும் குடுப்பினம், பெனிபிட் கணக்கில அது வருமானமாச் சேராது. அவா தனிய இருந்து, அவாவைப் பாக்கிறன் எண்டு நீங்கள் ஒருத்தரும் கேரர்ஸ் அலவன்ஸ் எடுக்காட்டி, பென்சன் கிரெடிட்டும் கூடும். உங்கட வீட்டுக்கு வந்தா அந்தக் கூடுதல் போயிடலாம், ஹவுசிங் பெனிபிட்டும் நிண்டிடும்.

இப்ப அந்த நோட்டீஸ். நான் சொல்லுறது இங்கிலாந்துக்கு மட்டும், ஸ்கொட்லாந்தில சட்டம் வேற. நோட்டீஸ் வந்த உடன வீட்டை விட்டு எழுப்ப ஏலாது, கோர்ட் உத்தரவு வேணும். கோர்ட்டுக்குப் போக முந்தி, கவுன்சிலும் அசோசியேசனும் செய்ய வேண்டியது இது இது எண்டு நடைமுறை விதி இருக்கு. பாக்கி ஏன் வந்தது எண்டு கேக்கோணும், கட்டக்கூடிய தொகையில ஒழுங்கு செய்யோணும், பெனிபிட் எடுக்க உதவோணும். கடிதம் வாசிச்சு விளங்கிறது கஷ்டம் எண்டு அவைக்குத் தெரிஞ்சா, விளங்கப்படுத்த முயற்சி எடுக்கோணும். அம்மா முழு விபரமும் குடுத்து விண்ணப்பிச்சிருக்கிறா, காசு வரும் எண்டு நம்ப நியாயம் இருக்கு எண்டால் வழக்குப் போடக் கூடாது. அதால இண்டைக்கே ஒரு ஈமெயில்: அப்பா தவறினது, புதுக் கிளெய்ம் போட்ட திகதி, அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. மூண்டு வரி காணும்.

வீட்டை விட்டு எழுப்பக் கேக்கிற சட்டக் காரணமா நோட்டீஸில "கிரவுண்ட் 8" எண்டு இருந்தா மட்டும் அவசரம். அதில பாக்கி குறிச்ச அளவுக்கு மேல இருந்தா, இரக்கம் பாக்க ஜட்ஜுக்கு இடம் மிகக் குறைவு. வழக்குக்கு முந்தி மூண்டு மாசக் காசு வந்து பாக்கி அந்த அளவுக்குக் கீழ இறங்கினா நிலைமை மாறும். மற்றக் காரணங்களில, "மாசாமாசம் வாடகையோட இவ்வளவு கட்டு" எண்டு உத்தரவை நிப்பாட்டி வைக்கலாம். பாக்கிக்கெண்டு பென்சன் கிரெடிட்டில இருந்து நேரா வெட்டினா கிழமைக்கு ஐஞ்சு பவுணுக்கும் குறையத்தான் போகும். 2023 ஆகஸ்ட்டில இருந்து இதுக்கு இலவச சட்ட ஆலோசனை இருக்கு, "ஹவுசிங் லொஸ் பிரிவென்ஷன் அட்வைஸ் சேர்விஸ்" எண்டு பேர். வருமானம் கேக்கமாட்டினம், நோட்டீஸ் கையில இருந்தாச் சரி.

இனி நீங்கள் நேரடியாக் கேக்காத விசயத்துக்கு வாறன். இந்தப் பாக்கியைத் தீர்த்துப்போட்டு விட்டா, ரெண்டு வருசத்தில திரும்ப இதே கடிதம் வரும். ஏனெண்டால் அப்பா இருந்த இடத்தில இப்ப நீங்கள் இருப்பீங்கள். எங்கட ஆக்கள் அன்பில செய்யிற பிழை இது. வாடகைக் கணக்கு மகன்ர ஈமெயிலில, பாங்க் காட் மகளின்ர ஹான்ட்பாக்கில, அம்மாட கையில கோயில் அர்ச்சனைக்கு இருபது பவுண். மகன் கலியாணம் கட்டி மில்டன் கீன்ஸ் போனாப் பிறகு ஈமெயிலை ஆர் பாக்கிறது?

அசோசியேசனிட்ட இப்பிடிக் கேளுங்கோ: "டெனன்சி சஸ்டெயின்மென்ட் டீமுக்கு அம்மாவை ரெஃபர் பண்ணுங்கோ." வீட்டைத் தக்கவைக்க உதவுற ஆக்கள். சில இடங்களில ஃப்ளோட்டிங் சப்போர்ட் எண்டு சொல்லுவினம். வேற இடத்துக்குப் போகத் தேவையில்லை, அவைதான் வீட்டுக்கு வருவினம், சில மாசத்துக்கு. 2003 இல "சப்போர்ட்டிங் பீப்பிள்" எண்டு அரசாங்கம் இதுக்கெண்டே காசு ஒதுக்கினது. 2009 இல அந்தக் காசை வேறதுக்கும் பாவிக்கலாம் எண்டு விட்டிச்சினம், பிறகு கன கவுன்சில்கள் வெட்டிப்போட்டுதுகள். அதால எல்லா இடத்திலயும் கிடைக்கும் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா கேட்டாத்தான் தெரியும். யோசனை ஒண்டும் புதுசில்லை. 1865 இலயே லண்டன் மேரிலிபோனில ஒக்டேவியா ஹில் எண்ட பொம்பிளை, வாடகை எடுக்கப் போற சாட்டில வீடு வீடாய்க் குடும்பக் கஷ்டம் கேட்டவா. பாக்கி வைச்சா எழுப்பியும் விட்டவா, அது வேற கதை.

நல்ல சப்போர்ட் வேர்க்கர் அம்மாவுக்காகப் போனில கதைக்கமாட்டா. ஸ்பீக்கரில போட்டு போனை அம்மாட கையில குடுப்பா. அம்மா சொல்ல வேண்டியது "தமிழ் இன்டர்பிரிட்டர் பிளீஸ்" மட்டும்தான். பிறகு பிறந்த திகதியும் டெனன்சி நம்பரும். நம்பரைப் பெருசா எழுதிப் பிரிட்ஜில ஒட்டி விடுவினம். முதல் தரம் அம்மா வெட்கப்பட்டு உங்களைத்தான் பாப்பா. நீங்கள் எழும்பி குசினிக்குள்ள போய் தேத்தண்ணி போடுங்கோ, பக்கத்தில நிண்டா அவா கதைக்கமாட்டா. பேந்து கடிதம். கவுன்சிலின்ர சின்னம் எது, அசோசியேசன்ர சின்னம் எது, பிறவுன் கவர் எங்கயிருந்து வரும், எதை அண்டைக்கே உடைக்கோணும். கவரைக் கண்டு ஆளைப் பிடிக்க இங்கிலீஷ் தேவையில்லை. வாடகை பாங்கில இருந்து தானாப் போற மாதிரி ஒழுங்கு செய்யலாம், ஆனா காட் அம்மாட பேர்ஸுக்குள்ள இருக்கோணும். மறதி வருத்தம் மாதிரி ஏதும் எண்டால் மாத்திரம், பெனிபிட்டைப் பாக்க உங்களை "அப்பொயின்டீ" ஆக்கச் சொல்லிக் கேக்கலாம்.

அதோட, குளியலறையில பூஞ்சணம் எண்டு கோவத்தில வாடகையை நிப்பாட்டிறது எங்கட சனத்தில கனக்க நடக்குது. தயவுசெய்து வேண்டாம். பூஞ்சணத்துக்கு 2025 ஒக்டோபரில இருந்து சமூக வீடுகளுக்குத் தனிச் சட்டம் இருக்கு, அதில முறைப்பாடு குடுங்கோ. வாடகை வாடகையாப் போகட்டும்.

கடைசியா நல்லூர். அம்மா போகட்டும், ஆனா ரிக்கெட் போட முந்தி நாளை எண்ணுங்கோ. வெளிநாடு போனா ஹவுசிங் பெனிபிட்டும் பென்சன் கிரெடிட்டும் பொதுவா 4 கிழமைதான். நெருங்கின உறவின்ர சாவு எண்டால் நீடிக்கலாம். ரெண்டு மாசம் நிக்கப் போறன் எண்டு போனா, போன நாளில இருந்தே ஹவுசிங் பெனிபிட் இல்லாமல் போகும், திரும்பி வரேக்குள்ள பழையபடி அரியர்ஸ். திருவிழா 25 நாள், 4 கிழமை எண்டால் 28. கொடியேத்தத்துக்கு முதல் நாள் போய் இறங்கி, தீர்த்தம் முடிஞ்ச அடுத்த நாள் பிளேன் ஏறினாச் சரியா வரும். சொந்தக்காரர் வீடுகளுக்குப் போறதை அந்த 25 நாளுக்குள்ளேயே முடிக்கச் சொல்லுங்கோ. போக முந்தி கவுன்சிலுக்கும் பென்சன் ஒபிசுக்கும் திகதி சொல்லோணும். அந்தப் போனை அம்மாவே எடுக்கட்டும்.