படுவான்கரைப் பிள்ளைகளைத் தேடி வருகிறவர்களுக்கு

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

இந்த நிகழ்ச்சியை மட்டக்களப்பில் வீட்டு முற்றத்தில் இருந்து கேட்பவர்களும் இருப்பீர்கள், டொரன்டோவில் வேலைக்குப் போகிற பஸ்ஸில் போனில் கேட்பவர்களும் இருப்பீர்கள். நான் இன்றைக்குப் பேசப்போவது பெரும்பாலும் தூரத்தில் இருப்பவர்களோடு. "லீவில் ஊருக்கு வருகிறோம். கிராமத்துப் பிள்ளைகளுக்காக வேலை செய்கிற ஒரு அமைப்போடு கொஞ்ச நாள் நின்று தொண்டு செய்ய விருப்பம். எப்படி வருவது, என்ன செய்வது?" என்று எங்களிடம் கேட்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலர் வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்த இளம் ஆட்கள். அப்பா அம்மாவின் மண்ணைத் தேடி வருகிற அந்த ஆசையை நான் மிகவும் மதிக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் விவரமாகப் பேச நினைக்கிறேன்.

முதலில், நீங்கள் வரப்போகிற இடம். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலை ஒட்டிக் கிடப்பது எழுவான்கரை. கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி எல்லாம் அந்தப் பக்கம். பெரிய பாடசாலைகளும் ரியூஷன் வகுப்புகளும் அங்கேதான் அதிகம். வாவிக்கு மேற்கே படுவான்கரை. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, அதற்கும் உள்ளே போனால் வயல் வட்டைகளும் குளங்களும் காடும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அந்த இடத்தில் பாதை என்று சொல்கிற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டியிருந்தது.

பாலம் வந்து பயணம் லேசாகிவிட்டது. ஆனாலும் ஆசிரியர்கள் பலர் எழுவான்கரையில்தான் குடியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் பிடித்துப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு ஒரு கணக்கு விளங்காவிட்டால் கேட்க ஊரில் ஆள் இல்லை. அப்பா வயலில், அல்லது மாட்டுப் பட்டியில். அம்மா குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலைக்குப் போயிருப்பார். பிள்ளை அம்மம்மாவோடு. அம்பாறை மாவட்டத்தில் திருக்கோவில், பொத்துவில் பக்கம் உள்ளுக்குள்ளே இருக்கிற ஊர்களுக்குப் போனாலும் இப்படியான வீடுகளைப் பார்ப்பீர்கள்.

பின்னேரத்தில் அந்தப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படிப்பிக்கிறவர் யார் தெரியுமா? அநேகமாக அந்த ஊரிலேயே உயர்தரம் படித்து முடித்த ஒரு இளம் பெண். முன்பள்ளிக் கட்டடத்திலோ கோயில் மடத்திலோ ஒரு தகரக் கொட்டிலிலோ பாய் விரித்து வகுப்பு நடக்கும். அமைப்பு கொடுக்கிற சிறிய கொடுப்பனவு பல மாதங்களில் பிந்தித்தான் வரும். அப்போதும் வகுப்பு நடக்கும். எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்தது, எந்த வீட்டில் சண்டை, எந்தப் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லை, எல்லாம் அந்த அக்காவுக்குத் தெரியும்.

நான் இன்றைக்குச் சொல்ல வந்ததே இதுதான். நீங்கள் பிள்ளைகளுக்காக வாருங்கள், ஆனால் அந்த அக்காவோடு வேலை செய்யுங்கள். நீங்கள் மூன்று கிழமையில் போய்விடுவீர்கள். அவர் இருப்பார்.

வெளிநாட்டில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியராக இருக்கிற ஒருவர் ஒருமுறை எங்களிடம் வந்தார். பிள்ளைகளுக்கு முன்னால் நின்று படிப்பிக்க அவருக்கு அவ்வளவு ஆசை. ஆனாலும் முதல் சில நாள் வகுப்பின் பின்வரிசையில் பேசாமல் இருந்து பார்த்தார். பார்த்துவிட்டு, காலை நேரத்தில் சுற்று வட்டாரத்து வகுப்பு அக்காமாரை ஒன்றாகக் கூட்டி, நாலாம் ஆண்டு வந்தும் எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாத பிள்ளைக்கு எங்கே இருந்து தொடங்குவது என்று அவர்களோடு இருந்து பேசினார். ஒரு பிள்ளை வாசிக்கிறதை எப்படிக் காது கொடுத்துக் கேட்பது, எந்த இடத்தில் திருத்துவது, எந்த இடத்தில் விட்டுவிடுவது என்று செய்து காட்டினார். மாதிரி அட்டைகளை எல்லாரும் சேர்ந்து வெட்டினார்கள். தன்னுடைய நாட்டுக்குத் திரும்பின பிறகும் சனிக்கிழமைகளில் வீடியோ அழைப்பில் வந்து அவர்களோடு கதைக்கிறார். அந்த அட்டைகள் இன்னும் பாவனையில் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த வரையில் ஒரு வருகையால் கிடைத்த மிகப் பெரிய பலன் அதுதான்.

ஆசிரியர் அல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கணக்கு எழுதத் தெரிந்தவர் அமைப்பின் கணக்குப் புத்தகத்தை ஒழுங்குபடுத்திக் கொடுக்கலாம். கிராமத்து அமைப்புகள் பல நல்ல வேலை செய்தும் உதவி கிடைக்காமல் போவது அறிக்கை எழுத ஆள் இல்லாததால். கண் பரிசோதனை செய்யத் தெரிந்தவர், பேச்சுச் சிகிச்சை படித்தவர், தச்சு வேலை தெரிந்தவர், இவர்கள் எல்லாம் எங்களுக்குப் பொன்னானவர்கள். ஒரு தொழிலும் இல்லாத மாணவர் என்றாலும் சரி, ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து கதைப் புத்தகம் வாசிக்கக் கேட்கலாம், ஆங்கிலம் கதைத்துப் பழக்கலாம். வகுப்பு அக்கா சொல்கிற வேலையைச் செய்ய மனம் இருந்தால் போதும்.

சரி, அடுத்தது சிறுவர் இல்லங்கள். இதைப் பற்றிப் பேசினால் சிலருக்கு மனம் நோகும் என்று தெரியும், ஆனாலும் பேச வேண்டும். யுத்தமும் 2004 சுனாமியும் எத்தனையோ பிள்ளைகளை இல்லங்களுக்குக் கொண்டு வந்தன. இன்றைக்கு இலங்கையில் இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார். வறுமை, அம்மா வெளிநாட்டில், அப்பாவின் குடி, பள்ளிக்கூடம் தூரம் என்று காரணங்கள் வேறு. அந்தப் பிள்ளைகளோடு இரண்டு கிழமை ஒட்டி உறவாடிவிட்டுப் பிரிந்து போகும் தொண்டு வேண்டாம். ஏற்கெனவே பிரிவைச் சந்தித்த பிள்ளை, மாறி மாறி வருகிற அண்ணாமாரையும் அக்காமாரையும் திரும்பத் திரும்ப இழக்கிறது. கொஞ்ச நாளில் புதிதாக வருகிற யாரைக் கண்டாலும் ஓடி வந்து கட்டிப்பிடிக்கும். அதைப் பார்த்து நாம் பாசம் என்று உருகிப் போகிறோம். அந்தப் பிள்ளைக்கு யாரையும் நம்பித் தரித்து நிற்க முடியாமல் போனதன் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

பிறந்தநாள் சாப்பாடு கொடுப்பதும் அப்படித்தான். நல்ல மனதோடு செய்கிறீர்கள். ஆனால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கேக் வெட்டி, படம் எடுத்து, நன்றி சொல்ல வைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அதே காசை இல்லத்தின் ஒரு மாத மரக்கறிச் செலவுக்குக் கொடுக்கலாம். இன்னும் ஒரு நல்ல வழி உண்டு. பிள்ளையைப் பார்க்க வர பஸ் காசு இல்லாத அம்மாவுக்கு அந்தக் காசு போய்ச் சேரும்படி பொறுப்பாளரோடு பேசுங்கள். பிள்ளை வீட்டுக்குத் திரும்பிப் போக வழி திறப்பது அப்படித்தான். இல்லம் எதுவென்றாலும் மாகாண நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிந்ததா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

ஒரு அமைப்போடு சேரும்போதும் இதே மாதிரி விசாரியுங்கள். தொண்டு அமைப்புகளைப் பதிவதற்கு 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பதிவு இலக்கம், பரிசோதிக்கப்பட்ட கணக்கறிக்கை, எழுத்தில் உள்ள சிறுவர் பாதுகாப்பு விதிகள், இவற்றைக் கேட்டால் நல்ல அமைப்பு சந்தோஷமாகக் காட்டும். காசு கொடுத்தால் அமைப்பின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே போக வேண்டும், தனி ஆளின் கணக்குக்குப் போகக் கூடாது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று உங்களிடம் பெரிய தொகை வாங்கி அனுப்புகிறது என்றால், அதில் எவ்வளவு கிராமத்துக்கு வருகிறது என்று கேளுங்கள்.

அந்த அமைப்பும் உங்களை விசாரிக்கும். உங்கள் பொலிஸ் சான்றிதழைக் கேட்டால் கோபிக்க வேண்டாம். வெளிநாடு போய்ப் பிள்ளைகளோடு வேலை செய்பவர்களுக்கென்றே பிரித்தானியாவில் சர்வதேச சிறுவர் பாதுகாப்புச் சான்றிதழ் என்று ஒன்று கொடுக்கிறார்கள். அவுஸ்திரேலியாவிலும் கனடாவிலும் நோர்வேயிலும் அந்தந்த நாட்டு முறைகள் இருக்கின்றன. கையில் கிடைக்க நாள் எடுக்கும், டிக்கெட் போடுவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். நம்முடைய ஊர்ப் பிள்ளை, நம்முடைய சொந்தக்காரர் என்று சொல்லி யாரையும் சோதனை இல்லாமல் வகுப்புக்குள் விடுகிற அமைப்பை நான் நம்ப மாட்டேன்.

விசா விஷயம். நீங்கள் களுவாஞ்சிகுடியில் பிறந்தவராக இருந்தாலும், கையில் இருப்பது வெளிநாட்டுப் பாஸ்போர்ட் மட்டும் என்றால் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். சுற்றுலா விசா ஊர் பார்க்கவும் உறவினரைப் பார்க்கவும் தருவது. சம்பளம் இல்லாத வேலையையும் வேலை என்றே அதிகாரிகள் எடுத்துக்கொள்ளலாம். அதனால் என்ன வேலை, எத்தனை நாள் என்று எழுதி, எந்த விசா வேண்டும் என்பதை அமைப்பின் மூலமாகக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அரசாங்கப் பாடசாலைக்குள் போவதென்றால் அதிபரின் வாய்ச்சொல் போதாது, வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும்.

எப்போது வருவது? ஐரோப்பாவில் நத்தார் லீவு விடுகிற நேரம் இங்கே மாரி மழை கொட்டுகிற நேரம். குளம் நிரம்பி வான் பாய்ந்தால் படுவான்கரையில் சில ஊர்களுக்குப் பாதையே இருக்காது. பாடசாலையும் லீவாக இருக்கும். வைகாசி மாதம் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற ஊரில் ஒருவரும் வகுப்புக்கு வரமாட்டார்கள். நீங்களும் சடங்குக்குப் போங்கள், ஊரை அறிய அதைவிட நல்ல வழி இல்லை. வேளாண்மை வெட்டு நேரத்திலும் பெரிய பிள்ளைகள் குறைவாகத்தான் வருவார்கள். வருட நடுவில் வறண்ட கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வெயில் தாங்காது, ஆனால் வகுப்பு ஒழுங்காக நடக்கும். தவணைத் திகதிகள் அண்மைக் காலத்தில் முன்பின்னாகி வருகின்றன, அந்த வருடத்துத் திகதியைக் கேட்டுவிட்டுத் திட்டமிடுங்கள்.

கொழும்பில் இருந்து மட்டக்களப்பு வரை ரயில் வருகிறது, உதயதேவி. அம்பாறைப் பக்கத்துக்கு ரயில் இல்லை, மட்டக்களப்பில் இறங்கிக் கல்முனை, அக்கரைப்பற்று என்று பஸ்ஸில் போகலாம். சிலர் மலேரியாவுக்குப் பயந்து மாத்திரையோடு வருகிறார்கள். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று தந்துவிட்டது. பயப்பட வேண்டியது டெங்குக்கு. அதைப் பரப்புவது பகலில் கடிக்கிற நுளம்பு. காய்ச்சல் என்றால் நீங்களாக மாத்திரை போடாமல் வைத்தியசாலைக்குப் போய் இரத்தம் பரிசோதியுங்கள். நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி அன்றைக்கே ஊசி போட வேண்டும். அப்புறம் யானை. உன்னிச்சை, வெல்லாவெளிப் பக்கம் பொழுது பட்ட பிறகு மோட்டார் சைக்கிளில் தனியாகப் போக வேண்டாம். ஊர் ஆட்கள் போகாதே என்று சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனிப் பிள்ளைகளோடு நடந்துகொள்வது. எந்தப் பிள்ளையோடும் மூடின கதவுக்குள் தனியாக இருக்காதீர்கள். போன் நம்பர் கொடுக்காதீர்கள். பிள்ளையின் முகம், பெயர், ஊர் மூன்றும் சேர்ந்த படத்தை முகநூலில் போடாதீர்கள். பெற்றோர் சம்மதித்தாலும் வேண்டாம், உங்கள் மனம் நோகக் கூடாது என்றே பலர் சம்மதிப்பார்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் சப்பாத்து வாங்கிக் கொடுத்தால் மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பொருள் எதுவென்றாலும் வகுப்புக்குக் கொடுங்கள். "அடுத்த வருடம் வருவேன்" என்று சொல்லாதீர்கள். பிள்ளைகள் அதை மறப்பதில்லை.

இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். யுத்தத்தைப் பற்றி அவர்களிடம் தோண்டிக் கேட்காதீர்கள். வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் இருக்கும். வீட்டார் தாங்களாகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள்.

ஒரு பிள்ளை தனக்கு யாரோ தீங்கு செய்வதாக உங்களிடம் சொல்லக்கூடும். வெளியாள் என்பதால் உங்களிடம் சொல்வது அதற்குச் சுலபம். அந்த நேரம் பதறாதீர்கள். குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். "சொன்னது நல்லது, உன்னில் பிழை இல்லை" என்று சொல்லுங்கள். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதி, அமைப்பில் அதற்குப் பொறுப்பானவரிடம் அன்றைக்கே கொடுங்கள். அவர் அசையாவிட்டால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை உத்தியோகத்தர் இருக்கிறார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம், தமிழில் பேசலாம், காசு இல்லை. இங்கே ஊரில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிற அம்மாமாரும் அம்மம்மாமாரும் அந்த இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று, ஒன்பது, இரண்டு, ஒன்பது.

வர நினைப்பவர்கள் அமைப்புக்கு எழுதுகிற முதல் கடிதத்தில் உங்களுக்கு என்ன வேலை தெரியும், எத்தனை நாள் நிற்க முடியும், திரும்பிப் போன பிறகு மாதத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும் என்று எழுதுங்கள். அப்புறம், "உங்கள் வகுப்பு அக்காமாருக்கு என்ன தேவை?" என்று ஒரு வரி கேளுங்கள். பதில் வர இரண்டு மூன்று கிழமை ஆகலாம். அவர்களிடமே கேட்டுவிட்டு எழுதுவதால் அவ்வளவு நாள் எடுக்கும், பொறுத்திருங்கள்.

நன்றி. வணக்கம்.