பாசிக்குடா விடுதியில் பிள்ளையை விட்டுச்செல்லும் முன்

[காட்சி: பாசிக்குடாக் கடற்கரை, முற்பகல்]

வணக்கம். இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடாவில் விடுமுறையைக் கழிக்க வரும் பெற்றோர், விடுதியில் பணியாளர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சிறுவர் கழகம் இருந்தால் சின்னப் பிள்ளையை அங்கே சற்று விட்டுவிட்டு ஓய்வெடுக்க விரும்புவது இயல்பானதே. ஆனால் அங்கே என்னென்ன விளையாட்டுப் பொருட்கள் இருக்கின்றன என்று பார்ப்பதற்கு முன், அந்த அறையின் கதவு எங்கே திறக்கிறது என்று பாருங்கள். கதவுக்கு வெளியே நீச்சல் தடாகமோ கடலோ இருந்தால், இடையில் வேலி உண்டா, பிள்ளையின் கைக்கு எட்டாத தாழ்ப்பாள் உண்டா என்பதே முதற் கேள்வி.

[காட்சி: ஆழமற்ற நீரில் நடந்துசெல்லும் குடும்பம்]

இந்தக் குடாவில் வெகுதூரம் நடந்துபோனாலும் தண்ணீர் இடுப்பளவைத் தாண்டாத இடங்கள் உண்டு. அதை நம்பித்தான் பலர் கவனத்தைத் தளர்த்துகிறார்கள். பெரியவருக்கு முழங்காலளவு வரும் தண்ணீர் மூன்று வயதுப் பிள்ளைக்கு இடுப்பளவு. நீரில் மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்துவதில்லை, கையசைப்பதுமில்லை. ஆகவே, பிள்ளைகளைத் தண்ணீருக்கு அழைத்துச் செல்வார்களா, அப்போது கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பவர் யார், அவருக்கு உயிர்காப்புப் பயிற்சி உண்டா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

அடுத்து, பிள்ளையைத் திரும்ப அழைத்துச் செல்பவர் யார் என்பது பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். "மாமா வந்திருக்கிறேன்" என்று யாரும் சொல்லி அழைத்துப்போகக்கூடிய இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். கச்சான், இறால், நண்டு போன்றவை ஒத்துக்கொள்ளாத பிள்ளையென்றால், அதையும் உங்கள் கைத்தொலைபேசி இலக்கத்தையும் எழுதியே கொடுங்கள். தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளை, "சலம் வருகுது" என்று சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவர் அங்கே இருக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள். புரியாதவர்கள் நடுவில் அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளை அழத் தொடங்கிவிடும்.

[காட்சி: கதவருகில் மகளுடன் குனிந்து பேசும் தாய்]

பல விடுதிகள் 4 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பெற்றோரின்றி ஏற்பதில்லை. வயது பொருந்தினாலும் முதல் நாள் அரை மணித்தியாலம் போதும். பிள்ளை விளையாட்டில் மூழ்கியிருக்கும்போது சொல்லாமல் நழுவாதீர்கள். "அம்மா தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன்" என்று சொல்லிச் சென்று, சொன்னபடியே திரும்புங்கள். பிள்ளையிடம் யாராவது தகாத முறையில் நடந்ததாகச் சந்தேகம் எழுந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அவசர அம்புலன்ஸ் சேவைக்கு இலக்கம் 1990.