டவுன்ஹில் பந்தய ஸ்கீயை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

[திரையில்: சுவரில் சாய்த்த இரண்டு ஸ்கீகள், நடுவில் ஒரு வீரர். ஒன்று அவர் மூக்கு உயரம். மற்றது தலைக்கு மேல் ஒரு முழம்.]

இரண்டுமே பனிச்சறுக்குப் பந்தயத்துக்கான ஸ்கீதான். குட்டையானது, நெருக்கமாக நட்ட கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் ஸ்லாலமுக்கு. நெட்டையானது, மலைச்சரிவில் முழு வேகத்தில் இறங்கும் டவுன்ஹில்லுக்கு. சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் விதிப்படி டவுன்ஹில்லில் ஆண்களுக்குக் குறைந்தது 218 செ.மீ., பெண்களுக்கு 210 செ.மீ. நீளம் வேண்டும்.

ஏன் இவ்வளவு நீளம்? 2013-ல் சுவிட்சர்லாந்தின் வெங்கனில் நடந்த டவுன்ஹில்லில் பிரெஞ்சு வீரர் யோஹான் கிளாரே மணிக்கு 161.9 கி.மீ. வேகத்தைத் தொட்டார். வினாடிக்கு 45 மீட்டர்! அந்த வேகத்தில் ஸ்கீ தானாகத் திரும்ப ஆசைப்பட்டால் ஆள் காலி.

[திரையில்: மேலிருந்து ஸ்கீயின் வடிவம். இடுப்பு குறுகல், இரு முனைகளும் அகலம்.]

இந்த இடுப்பு வளைவைத்தான் சைட்கட் என்கிறார்கள். அந்த வளைவை அப்படியே நீட்டி முழு வட்டமாக வரைந்தால் அதன் ஆரம் எவ்வளவு என்பதுதான் ஸ்கீயின் ரேடியஸ். ஸ்லாலம் ஸ்கீக்கு அது 13 மீட்டர் அளவில் இருக்கும். டவுன்ஹில்லுக்குக் குறைந்தது 50. கிட்டத்தட்ட நேர்கோடு. திருப்புவதற்குத் தொடையில் பலம் வேண்டும். ஆனால் நேராகப் போகும்போது துளியும் அலைபாயாது.

உள்ளே மரம், அதன் மேலும் கீழும் டைட்டனால் என்ற அலுமினியக் கலவைத் தகடு. கனம்தான். அந்தக் கனமும் உலோகமும்தான் அதிர்வை விழுங்குகின்றன. கடையில் ஸ்கீயைக் கையால் வளைத்து, தலையை ஆட்டிவிட்டு வைப்பவர்கள் உண்டு. மொத்தத்தில் எவ்வளவு விறைப்பு என்பது மட்டும்தான் அதில் தெரியும். கேட்க வேண்டிய கேள்வி, எந்தப் பகுதி விறைப்பு என்பது. சமதளம் அதிகமுள்ள, மென்மையான பனி கிடக்கும் தடத்தில் முன்முனை கொஞ்சம் இளகியிருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அது பனியை உழுதுகொண்டே போகும். செங்குத்தான, ஐஸ் பிடித்த தடத்தில் விறைப்பான ஸ்கீதான் பிடி விடாது.

சரி, இப்போது கவிழ்த்துப் பார்ப்போம். என்னைக் கேட்டால் தேர்வில் பாதிக்கு மேல் இங்கேதான்.

[திரையில்: பேஸின் நெருக்கக் காட்சி. மெல்லிய கோடுகள்.]

கறுப்பாகத் தெரியும் இந்த அடிப்பரப்புதான் பேஸ். பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் தூளை அழுத்திச் சூடாக்கிச் செய்தது. வழுக்குவதற்காகப் பூசும் மெழுகை, அதாவது வேக்ஸை, உறிஞ்சிக்கொள்ளும். ஓடும்போது உராய்வில் பனி லேசாக உருகி, மெல்லிய நீர்ப்படலம் உண்டாகிறது. ஸ்கீ வழுக்குவது அதன் மேல்தான். நீர் அதிகமானால் சிக்கல், ஸ்கீயை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒட்டிவைத்துப் பிரித்துப் பாருங்கள், புரியும். அதனால் நீர் வழிந்துபோக ஈரப் பனிக்கு ஆழமான கோடுகள், உறைந்த குளிருக்கு நுண்ணிய கோடுகள் என்று கல்லில் தேய்த்து எடுக்கிறார்கள். வேக்ஸைப் பொறுத்தவரை, 2023-24 பருவத்திலிருந்து ஃப்ளோரின் கலந்தவற்றுக்குத் தடை. பழைய ஸ்கீ வாங்கினால் பேஸை நன்றாகச் சுத்தம் செய்துவிடுங்கள்.

பழையதை வாங்கத் தயங்க வேண்டாம். பேஸின் குறுக்கே நேரான இரும்புப் பட்டையை வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் காட்டுங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் பேஸ் குழிந்திருக்கிறது என்று அர்த்தம். நேராகப் போகும்போதே எட்ஜ், அதாவது ஸ்கீயின் இரும்பு ஓரம், பனியைக் கவ்வும். எட்ஜைத் தேய்த்துக் கூராக்க இன்னும் இரும்பு மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், ஒரே அச்சில் வார்த்த இரண்டு ஜோடிகள்கூட ஒரே வேகத்தில் ஓடாது. அதனால் அணிகள் கடிகாரம் வைத்துச் சோதிக்கின்றன: ஒரே ஆள், அதே குனிந்த நிலை, அதே நேரான சரிவு, மாறி மாறி ஜோடிகள். வித்தியாசம் வினாடியில் நூறில் சில பங்குதான் வரும். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் பெண்கள் டவுன்ஹில்லில் டீனா மாஸேயும் டொமினிக் கிஸினும் 1:41.57 என்ற ஒரே நேரத்தில் வந்து தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். மூன்றாவதாக வந்தவர் பின்தங்கியது 0.10 வினாடி. நூறு கி.மீ. வேகத்தில் அது மூன்று மீட்டர்கூட இல்லை.

சோதனையில் ஜெயித்த ஜோடியைப் பயிற்சி ஓட்டங்களில் பெரும்பாலும் பார்க்க முடியாது. பந்தய நாள் காலை வரை அது உறைக்குள்தான்.